பாலிக் புலாவில் குவிமாட வீடு சரிவருமா?

தோட்டக்காரி, பாலிக் புலாவ்:
வணக்கம். எங்கள் டுரியான் தோட்டத்தில் பழம் விழும் காலத்தில் இரவு தங்க ஒரு சின்ன வீடு வேண்டும். ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்தில், இப்போது டெக் டோம் அறிவியல் மையம் இருக்கிறதே, அந்த முக்கோணக் குவிமாடம் மாதிரி 6 மீட்டர் விட்டத்தில் போட்டால் செலவு குறையும், ஏர்கோனும் வேண்டாம் என்கிறான் மகன். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்:
கொம்தாரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லிம் சோங் கியாட், இந்த முக்கோணக் குவிமாடத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் பக்மின்ஸ்டர் புல்லரின் நண்பர். புல்லர் இந்தக் குவிமாடத்துக்கு 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அதற்கும் முன்பே, 1920களில், ஜெர்மனியின் யேனா நகரில் வால்தர் பாவர்ஸ்ஃபெல்ட் கோளரங்குக்காக இப்படி ஒன்றைக் கட்டிவிட்டார். பையன் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வெல்டிங்காரர், பட்டர்வொர்த்:
அக்கா, பொருள் மிச்சம் என்பது உண்மைதான். 6 மீட்டர் அரைக்கோளத்துக்குத் தரை 28 சதுர மீட்டர், மேல்பரப்பு 57. அதே தரைக்கு 3 மீட்டர் உயரத்தில் சதுர வீடு கட்டினால் சுவரும் தட்டைக் கூரையும் சேர்ந்து 92 வரும். குளிர் நாட்டில் பரப்பு குறைந்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போவதும் குறையும். அங்கே இது அருமையான வீடு.

நமக்கு எதிரி வெயிலும் மழையும். கம்போங் (கிராமத்து) வீட்டில் கூரை சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும்; சுவர் நிழலில் இருக்கும், மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். குவிமாடத்துக்கு அந்த நீட்டம் கிடையாது. முழு உடம்பும் கூரைதான். உச்சியில் மூடி போட்ட காற்றுத் துளையும் கீழே சுற்றிலும் திறப்பும் வைக்காவிட்டால் பகலில் உள்ளே உட்கார முடியாது.

அப்புறம் ஒழுகல். 6 மீட்டர் குவிமாடத்தை எளிய அமைப்பில் போட்டால் 65 கம்பி, 40 முக்கோணம். கம்பிகளில் 1.85 மீட்டர் நீளத்தில் 35, 1.64 மீட்டர் நீளத்தில் 30. முக்கோணங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளை மட்டும் கூட்டினால் 95 மீட்டருக்கு மேல் வரும். அத்தனையும் இடைவெளியை அடைக்கும் சிலிக்கான் பசையை நம்பி நிற்கும். நம் வெயிலில் சிலிக்கான் எத்தனை வருஷம் தாங்கும்? கம்பிக்குப் போடும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் முனையைத் தட்டி நசுக்கித் துளை போட்டுத்தான் போல்ட்டு முடுக்குவார்கள். நசுக்கிய இடத்தில் துத்தநாகப் பூச்சு வெடித்துவிடும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பிளைவுட்டை முக்கோணமாக அறுத்தால் கழிவும் அதிகம்.

தோட்டக்காரி:
இடமாவது தாராளமாக இருக்குமா தம்பி? நாலு பேர் படுக்க வேண்டும்.

வெல்டிங்காரர்:
படுக்கலாம் அக்கா. ஆனால் ஓரத்திலிருந்து அரை மீட்டர் உள்ளே வந்தாலும் உயரம் 1.66 மீட்டர்தான். நிமிர்ந்து நடக்கிற இடம் 20 சதுர மீட்டர்கூடத் தேறாது. அலமாரியும் சுவரோடு ஒட்டி நிற்காது.

தங்குவதற்குத் தூண்மேல் பலகை வீடு, ஜிங்க் கூரையை நன்றாக நீட்டிப் போடுங்கள். மாநகர் மன்றத்தில் பிளான் அனுமதியை முதலில் விசாரித்துவிடுங்கள். மகனின் ஆசையை விட வேண்டாம்: அதே 65 கம்பியில் நாற்றுக் கன்றுகளுக்குக் கூடாரம் போட்டு, மேலே நிழல்வலை கட்டலாம். ஒழுகினால் கன்றுக்கு நல்லதுதான். முனைகளுக்கு மட்டும் துத்தநாக பெயிண்ட் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள்.