கல்லணை யாருடையது?

தஞ்சைத்தம்பி:
திருச்சி பக்கம் துவாக்குடியில் கல்லூரி முதலாம் ஆண்டு சேர்ந்த பையன் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை எங்கே சுற்றலாம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருந்தார். மலைக்கோட்டை அண்ணன் சொன்ன பதில்: "நம்ம திருச்சியில் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை." முதல் இரண்டும் சரி. கல்லணை எப்போது திருச்சிக்கு வந்தது? அது இருப்பது தோகூரில். தோகூர் தஞ்சாவூர் மாவட்டம். ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லாதீர்கள்.

மலைக்கோட்டை:
தம்பி, நான் வழிதான் சொன்னேன், பட்டா எழுதித் தரவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் நேராகக் கல்லணையில் இறங்கலாம். உங்கள் தஞ்சாவூரிலிருந்து வருவதுதான் தூரம்.

தஞ்சைத்தம்பி:
பஸ் கிளம்பும் இடம்தான் கணக்கு என்றால் வேளாங்கண்ணியும் உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். தோகூர் தஞ்சாவூர் மாவட்டம்.

ஸ்ரீரங்கத்துக்காரி:
பையன் சாப்பாடும் கேட்டானே! திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை சாப்பிடு தம்பி. கல்லிலிருந்து எடுத்து இலையில் போடும்போது ஓரத்தில் நெய் நுரைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி. அடியில் நின்று அண்ணாந்து பார். உச்சிப் பிள்ளையாருக்கு மட்டும் மதியத்தில் ஏறாதே. செருப்பைக் கீழேயே விட வேண்டும், மேலே பாறை காலைப் பொசுக்கும்.

தஞ்சைத்தம்பி:
தோசை உங்களுடையதுதான் அக்கா, அதில் சண்டை இல்லை. காபி என்று வந்தால் கும்பகோணம். அதுவும் தஞ்சாவூர் மாவட்டம்தான், கல்லணை மாதிரியே.

ஸ்ரீரங்கத்துக்காரி:
காபியை யார் கேட்டது? சாலை முழுக்கக் கும்பகோணம் காபி என்று பலகை, பித்தளை டபரா. போன மாதம் ஒரு கடையில் குடித்தேன், சர்க்கரைத் தண்ணீர்.

தஞ்சைத்தம்பி:
நெடுஞ்சாலையில் யாரோ பலகை மாட்டினால் அதற்குக் கும்பகோணமா பொறுப்பு? திருவையாற்றுக்கு வந்து பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். போன தடவையும் அசோகா என்றதும் பதில் சொல்லாமல் போனவர்தானே நீங்கள்.

கைலாசபுரத்தான்:
பையனுக்கு நான் சொல்கிறேன். துவாக்குடியிலிருந்து சத்திரம் வரை போகவே வேண்டாம், திருவெறும்பூரிலிருந்தே கல்லணைக்குச் சாலை இருக்கிறது. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிவதைப் பாலத்தில் நின்று பார்க்கலாம். மசாலா தடவிய ஆற்று மீனைக் கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள். தண்ணீர் திறந்திருந்தால் மதகுப் பக்கம் இறங்காதே. நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துவிடும்.

மலைக்கோட்டை:
ஒரு விஷயம் கேட்கிறேன். காவிரியும் கொள்ளிடமும் முதலில் பிரிகிற முக்கொம்பு எங்கே இருக்கிறது? திருச்சியில். 2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடம் மதகுகள் உடைந்தபோது பதறினது யார்?

தஞ்சைத்தம்பி:
நாங்கள்தான் பதறினோம்! எங்கள் வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் அது. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்களா என்று காலண்டரைப் பார்க்கிற வீடு எங்களுடையது. கல்லணையில் மதகு தூக்கும் நாளில் என் அப்பா ஒரு கைப்பிடி நெல்லைத் தண்ணீரில் தூவிக் கும்பிடுவார். உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை போகிற இடம். முக்கொம்பு அணை வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் காலத்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கரிகாலன் கட்டியது எங்களுடையது.

மலைக்கோட்டை:
கரிகாலனா? சோழர்களின் உறையூர் இன்று எந்த மாநகராட்சியில் இருக்கிறது, சொல்லுங்கள்.

தஞ்சைத்தம்பி:
உறையூரை நான் கேட்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். தோகூர் எந்த மாவட்டம்?

மலைக்கோட்டை:
உறையூர் எந்த ஊர்?

துவாக்குடி புதியவன்:
அண்ணா, கல்லணையிலிருந்து திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

தஞ்சைத்தம்பி:
எந்தப் பக்கம் திரும்ப? தஞ்சாவூர் பக்கம் என்றால் சொல்கிறேன்.