பலகைக்கு ஒரு சொல் வேண்டும்: நுரையீரல் மருத்துவத்தில் 'ஃபெலோஷிப்'

பழைய வண்ணாரப்பேட்டை, பெயர்ப்பலகைக் கடையிலிருந்து:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையில் கிளினிக் திறக்கப்போகும் நுரையீரல் மருத்துவர் ஒருவர் எங்கள் கடையில் பலகை சொல்லியிருக்கிறார். தமிழ் மேலே பெரிதாக, ஆங்கிலம் கீழே சிறிதாக. எம்.பி.பி.எஸ்., எம்.டி. வரை ஒரு தொல்லையும் இல்லை. அதற்கடுத்த வரிதான் 'ஃபெலோஷிப் இன் இன்டர்வென்ஷனல் பல்மனாலஜி', அதாவது எம்.டி.க்குப் பிறகு எடுக்கும் ஒரு சிறப்புப் பயிற்சி. "அப்படியே தமிழ் எழுத்துல அடிச்சிடாதீங்க, வர்றவங்களுக்குப் புரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். 'தலையீட்டு நுரையீரல் தோழமை' என்று வந்தது. அதைப் பலகையில் ஏற்றினால் ஏதோ கட்சியின் சார்பு அமைப்பு என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள்.

முதலில் 'இன்டர்வென்ஷன்'. இதற்குப் புழங்கும் சொற்கள் மூன்று. தலையீடு: கவுன்சிலர் தலையீடு, போலீஸ் தலையீடு என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லில் நல்லெண்ணமே மிச்சமில்லை. குறுக்கீடு: அதைவிட மோசம். இடையீடு கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது, ஆனால் அகராதியைப் பிரித்தால் அதற்கும் தடை, இடையூறு என்ற பொருள் நிற்கிறது. மூச்சுக்கு இடையூறு செய்கிற மருத்துவர் என்று யாராவது பலகை வைப்பார்களா?

அதனால் ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த மருத்துவர் என்ன வேலை செய்கிறார் என்று அவரிடமே கேட்டேன். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ கேமரா வைத்த மெல்லிய குழலை மூச்சுக்குழலுக்குள் விடுவது. நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தால், அந்தக் குழலின் நுனியிலிருக்கும் அல்ட்ராசவுண்டில் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியால் சதை எடுப்பது. கட்டி மூச்சுக்குழலை அடைத்தால் சுட்டோ உறையவைத்தோ அகற்றுவது, சுருங்கின இடத்தில் ஸ்டென்ட் வைப்பது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டால் விலா எலும்புகளுக்கு நடுவில் சின்னத் துளை போட்டு, உள்ளே பார்த்து, நீரை வடிப்பது. நீர் திரும்பத் திரும்பக் கோத்தால் டால்க் தூளைத் தூவி, நுரையீரலை மூடிய உறையையும் நெஞ்சுச் சுவரின் உள் உறையையும் ஒட்டவைப்பது. நெஞ்சைத் திறக்கும் அறுவை இதில் எதிலும் கிடையாது.

இதன் வரலாற்றைப் படித்தால் இன்னும் தெளிவாகிறது. 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்பவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழலில் சிக்கிய பன்றி எலும்பை, நேரான விறைப்புக் குழல் ஒன்றை வாய் வழியாக விட்டு எடுத்தார். 1910இல் சுவீடனில் யாக்கோபேயுஸ், விலாவுக்கு நடுவே குழலை நுழைத்து நெஞ்சறையைப் பார்த்தது பற்றி எழுதினார். பிற்பாடு அதே கருவியால் டிபி நோயாளிகளின் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்ட இடங்களை அறுத்துவிட்டார்கள். மருந்து கண்டுபிடிக்காத அந்தக் காலத்தில், புண்பட்ட நுரையீரலைச் சுருங்கவிட்டு ஓய்வு கொடுப்பதுதான் வைத்தியம். ஒட்டியிருந்தால் அது சுருங்காது. 1960களில் ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா கண்ணாடி இழைகளை வைத்து வளையும் குழலைக் கொண்டுவந்தார். விறைப்புக் குழல், விலாவழிக் குழல், வளையும் குழல். மூன்று பேரும் விட்டது குழலைத்தான்.

நம் ஊர் சனங்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லிக்கோ போய்வந்த எவரையாவது கேளுங்கள்: "டியூப் விட்டுப் பாத்தாங்க", "நெஞ்சுல டியூப் போட்டுத் தண்ணி எடுத்தாங்க". ஆகவே என் முன்மொழிவு: குழல்வழி நுரையீரல் மருத்துவம். 'குழாய்வழி' வேண்டாம். நம் பக்கத்தில் குழாய் என்றால் குடமும் சண்டையும்தான் ஞாபகம் வரும். அதுபோக, பள்ளிப் பாடநூலிலேயே மூச்சுக்குழல் இருக்கிறது. உள்ளே போவதும் குழல், போகிற பாதையும் குழல்.

அப்புறம் 'ஃபெலோஷிப்'. செய்தித்தாளில் பல நேரம் 'உதவித்தொகை' என்று போடுகிறார்கள். அது கையில் வரும் பணம். கற்றுக்கொள்ளும் வேலை அதில் வரவில்லை. முதலமைச்சர் பெயரிலான திட்டத்துக்கு அரசு 'புத்தாய்வுத் திட்டம்' என்று பெயர் வைத்தது. அங்கே பொருந்துகிறது, இங்கே ஆய்வு எங்கே? இதற்கு நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. பலகை வியாழக்கிழமை மாட்டணும். பெரியவர்கள் சொல்லுங்கள்.

*

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, குழல்வழி நன்றாக இருக்கிறது. ஆனால் சந்தியில் கவனம். 'குழல்வழிச் சிகிச்சை' என்று வரும்போது ஒற்று மிகும். பலகையில் 'ச்' விழுந்தால் தெருவே படிக்கும்.

குழல் என்றால் புல்லாங்குழலும் கூந்தலும் நினைவுக்கு வருமே என்று யாராவது கிளம்புவார்கள். பொருட்படுத்த வேண்டாம். பக்கத்தில் நுரையீரல் நிற்கும்போது யாரும் கூந்தலுக்குப் போகமாட்டார்கள்.

ஃபெலோஷிப்புக்குக் 'கைத்தேர்ச்சி' என்று வைக்கலாம். 'கைதேர்ந்த வைத்தியர்' என்று நாம் சொல்வதுதானே. எம்.டி.யில் படிப்பு முடிகிறது, இதில் கை தேர்கிறது. சொல் புதிதாகவும் இருக்கும், அந்நியமாகவும் இருக்காது.

*

ராயபுரம், நுரையீரல் மருத்துவர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். குழல்வழி எனக்கும் பிடித்திருக்கிறது. ஊசியை மட்டும் வைத்துச் செய்யும் வேலைகள் விட்டுப்போகுமே என்று முதலில் யோசித்தேன். ஊசியும் உள்ளே துளையுள்ள குழல்தான் என்று சமாதானம் ஆகிவிட்டேன். இதயத்துக்கும் கதிரியலுக்கும்கூட இதே அடைமொழி ஒத்துவரும், அங்கேயும் கதீட்டர் என்ற மெல்லிய குழல்தான் போகிறது.

கைத்தேர்ச்சியில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பயிற்சியில் கை பாதிதான். எம்.டி. மூன்று வருடம், சிலருக்கு அதன்மேல் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு மூன்று வருடம், அதற்குப் பிறகு இது பெரும்பாலும் ஒரு வருடம். அமெரிக்காவிலும் நுரையீரல், தீவிர சிகிச்சைப் பயிற்சிகளை முடித்த பிறகு ஒரு வருடம்தான். விறைப்புக் குழலைத் தொண்டைக்குள் இறக்கும்போது நோயாளி மயக்கத்தில் இருப்பார். மயக்க மருத்துவர் மூச்சு கொடுப்பதும் அதே பாதையில், நாங்கள் வேலை செய்வதும் அதே பாதையில். உள்ளே ரத்தம் கசிந்தால் சில நொடிகளில் கேமராவில் ஒன்றும் தெரியாது. அப்போது எதைச் செய்வது, எதை நிறுத்துவது, யாரைக் கூப்பிடுவது என்பதைத்தான் அந்த ஒரு வருடம் பழக்குகிறது. டிபி ஆறின தழும்பால் மூச்சுக்குழல் சுருங்கி வருபவர்கள் இந்தப் பக்கம் உண்டு. வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடந்து சுருங்கியவர்களும் உண்டு. அதில் யாருக்கு பலூன் வைத்து விரித்தால் போதும், யாருக்கு ஸ்டென்ட், யாரை அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்? "உங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லத் தெரிவதும் தேர்ச்சிதான், ஆனால் அது கையில் இல்லை.

இன்னொன்று. இது பட்டம் கிடையாது. பல இடங்களில் மருத்துவமனையே நடத்திச் சான்றிதழ் தருகிறது. ஓரிடத்தில் நிறைய நோயாளிகளைக் கையாண்டு கற்றிருப்பார்கள், இன்னோரிடத்தில் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. அதனால் எம்.டி.க்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் பட்டம் மாதிரி ஒலிக்கிற சொல்லை வைக்காதீர்கள். 'மேற்பயிற்சி' என்றால் என்ன? மேற்படிப்பு எல்லாருக்கும் தெரியும், இது அதற்கு அடுத்து வரும் பயிற்சி.

*

பெரம்பூர், தமிழாசிரியர்:

மேற்பயிற்சி சரி. ஆனால் இன்னும் அந்த ஒரு வருடத்தில் இருப்பவரை என்னவென்று அழைப்பீர்கள், டாக்டரம்மா? 'மேற்பயிற்சி மருத்துவர்' என்றால், நோயாளி 'பயிற்சி டாக்டர்' என்று காதில் வாங்கிக்கொண்டு, "பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க" என்பாரே?

*

ராயபுரம், நுரையீரல் மருத்துவர்:

இப்போதே அப்படித்தான் கேட்கிறார்கள் ஐயா, ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டும். எம்.டி. முடித்து, முப்பது வயது தாண்டினவர்களையே கேட்கிறார்கள். வார்டில் 'நுரையீரல் மருத்துவர்' என்று அட்டை குத்தினால் போதும், அதற்கு அவருக்கு முழுத் தகுதி உண்டு. மேற்பயிற்சி மருத்துவர் என்பதைச் சான்றிதழிலும் விண்ணப்பத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

*

பழைய வண்ணாரப்பேட்டை, பெயர்ப்பலகைக் கடையிலிருந்து:

ஐயாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் நன்றி. கைத்தேர்ச்சி என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பலகையில் பார்க்க அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் அது மருத்துவர் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது போல் ஆகிவிடும். கைதேர்ந்தவர் என்பதை ஊர் சொல்லணும், பலகை சொல்லக் கூடாது. மேற்பயிற்சியில் அந்தத் தொல்லை இல்லை.

மாதிரி அடித்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டேன். பெயருக்குக் கீழே 'எம்.பி.பி.எஸ்., எம்.டி.', அடுத்து 'நுரையீரல் சிறப்பு மருத்துவர்'. அதற்கும் கீழே, பாதி அளவு எழுத்தில், 'குழல்வழி நுரையீரல் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றவர்'. 'சிகிச்சை' இந்த வரியில் வராததால் ஐயா சொன்ன 'ச்' பலகையில் இல்லை. துண்டறிக்கையில் வருகிறது, அங்கே போட்டிருக்கிறேன். பலகை நாலடி அகலம்தான், கடைசி வரி நெருக்கமாக உட்கார்ந்தது. எழுத்தைக் குறைத்துச் சமாளித்தாயிற்று.

மருத்துவர் ஒரே ஒரு மாற்றம் கேட்டார்: வரிக்குக் கீழே 'நெஞ்சைத் திறக்காமல்' என்று சேர்க்க முடியுமா என்று. விளம்பரம் போல இருக்கும், துண்டறிக்கையில் விளக்கமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார். அந்தத் துண்டறிக்கையில் 'பிராங்கோஸ்கோப்பி', அதாவது மூச்சுக்குழலுக்குள் குழல் விட்டுப் பார்ப்பது, பன்னிரண்டு இடத்தில் வருகிறது. மூச்சுக்குழல் உள்நோக்கலா, அகநோக்கலா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.