மறுமொழி: கலைச்சொல் உதவி – பொசிவா, கசிவா, ஒழுக்கா?

நாகப்பட்டினம், பயிற்றுநர்

அனைவருக்கும் வணக்கம். படகு மோட்டார் பழுதுபார்க்கும் வகுப்புக்கு ஒரு சிறு கையேடு தயாராகிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பிரித்துப் பார்க்க 1960களின் ஜான்சன் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) ஒன்று கிடைத்திருக்கிறது. கீழே இருக்கும் கியர் பெட்டியைப் பற்றி எழுதும்போது சொல் இல்லாமல் நிற்கிறேன்.

சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் வளையம், அதன் ஓரத்தில் எண்ணெய் ஈரமாகத் தெரிவது ஒன்று. சொட்டுச் சொட்டாக இறங்குவது இன்னொன்று. வெளித்தண்ணீர் உள்ளே புகுந்து எண்ணெயோடு கலப்பது மூன்றாவது. முதலாவதைத் துடைத்துவிட்டுக் கவனித்தால் போதும். இரண்டாவதற்கு, எண்ணெயை வடிக்கும் அடித்திருகின் வாஷரிலிருந்து தேட வேண்டும். மூன்றாவது என்றால் மோட்டாரை ஓட்டவே கூடாது. எங்களிடம் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் மூன்றுக்கும் ‘கசிவு’ என்றே இருக்கிறது. ஆயில் சீலுக்கு ‘எண்ணெய் முத்திரை’யாம். எங்கே குத்துவது என்று பையன்கள் கேட்பார்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முதலாவதற்குச் சொல் தேடவே வேண்டாம், மூதுரையிலேயே இருக்கிறது: “நெல்லுக்கு இறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்.” பொசிதல் என்றால் ஓட்டமில்லாமல் ஊறிப் பரவுதல். பெயராக்கினால் பொசிவு. காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

இரண்டாவதற்கு ஒழுக்கு. கூரை ஒழுகுகிறது என்கிறோமே, அதேதான். ஒழுகு என்னும் வினையிலிருந்துதான் ஒழுக்கமும் வந்தது. நீர் தன் வழியில் நெறியாகச் செல்வது போல மனிதன் நடப்பது. பெட்டியை விட்டு வெளியேறும் எண்ணெயை ஒழுக்கம் கெட்டது என்றும் சொல்லலாம்!

ஒரு வேண்டுகோள். எண்ணெய் என்பது எள் + நெய். நிலத்தடியிலிருந்து வந்த பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ‘உயவுநெய்’ என்று எழுதுங்கள்.

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்

ஐயா, தேங்காயிலும் எள் இல்லை. தேங்காயெண்ணெயை விட்டுவிட்டு கியர் ஆயிலை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

பொசிவு அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் காட்டும் பாட்டில் பொசிவது நன்மை. நல்லவர் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் மழை என்று முடிகிற பாட்டு அது. பழுதுக்கு அந்தப் பெயரை வைப்பானேன்?

யாழ்ப்பாணம்

எங்கட பக்கம் மசகு எண்ணெய் என்பது செய்தித்தாளிலேயே வரும் சொல். பூமியில் இருந்து எடுக்கிற எண்ணெய்க்கு அதுதான் பெயர். வண்டி அச்சில் படியும் கரிய மைக்கும் பழைய பெயர் மசகுதான். உயவுநெய்யை விட இது வாயில் வரும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மசகு நல்ல சொல். மசி, மை, மயக்கு, மாசு எல்லாமே கருமைப் பொருளில் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. இதேபோல் கசி என்பதைக் கசம், கயம் என்ற ஆழ்நீர்ச் சொற்களோடு வைத்துப் பார்த்தால்…

(மீதியை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். தனி இழையாகப் போடுங்கள். – மட்டுறுத்துநர்)

முத்துப்பேட்டை, படகு மெக்கானிக்

ஐயாமார்களுக்கு வணக்கம். எங்கள் பட்டறையில் யாரும் பொசிவு என்று சொல்ல மாட்டார்கள். “சீல் ஓரம் வேர்க்குது” என்பார்கள். கையேட்டில் வியர்வை என்று போட்டால் எவனுக்கும் புரியும்.

ஆனால் உங்கள் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுகிறோம். 1964 முதல் வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதற்கு முன்பு வந்த பலவற்றில் 24க்கு 1. எரியாத மீதி, புகை வெளியேறும் வழியாகக் கரும்பிசுக்காக இறங்கும். மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து வைத்தால் தரையில் கறை விழும், தண்ணீரில் வானவில் மாதிரி படலம் விரியும். கியர் பெட்டி ஒழுகுகிறது என்று பயந்து கொண்டுவருவார்கள். அது பழுதே இல்லை. கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், வாடையும் தனி. விரலில் எடுத்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். இதற்கும் ஒரு பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் பையன்கள் நல்ல சீலைப் பிடுங்கிப் போடுவார்கள்.

தண்ணீர் போனதைப் பார்க்க, கொஞ்ச நேரம் மோட்டாரை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கீழ்த்திருகைச் சிறிது தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் வெளுத்து வந்தாலோ சீல் போய்விட்டது. எந்தச் சீல் என்று தெரிய, எண்ணெயை வடித்துவிட்டு, மேல்துளையில் கைப்பம்பு மாட்டிச் சுமார் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றேற்றித் தொட்டியில் முக்குங்கள். குமிழி வரும் இடம்தான் இடம். அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் ஓடும் படகு என்றால் புரொப்பல்லரைக் கழற்றி முதலில் தங்கூசி நரம்பைத் (மீன்பிடி நைலான் இழை) தேடுங்கள். தண்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுத்துவிடும். தண்டிலேயே பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டும் பயனில்லை.

தஞ்சாவூர், மொழிபெயர்ப்பாளர்

அண்ணே, நீங்கள் எழுதியதையே அப்படியே கையேட்டில் போட்டுவிடலாம்.

மூன்றாவதற்கு ‘நீர்ப்புகவு’. நான்காவதற்கு ‘எரியா வழிசல்’. திசை தெரிய வேண்டும் என்பதுதான் என் கவலை. வெளியே வருவதும் உள்ளே போவதும் ஒரே சொல்லாக இருந்தால் படிப்பவன் குழம்புவான். சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் அதில்தானே இருக்கிறது? எண்ணெயைக் காக்கும் உதடு உள்ளே பார்க்கும், தண்ணீரைத் தடுக்கும் உதடு வெளியே பார்க்கும்.

சீர்காழி

கசிவை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று பாடிய சம்பந்தர் எங்கள் ஊர்ப்பிள்ளை. அங்கே கசிவது மெல்லத்தான் கசிகிறது, மல்குவது அப்புறம்தான். அதனால் முதலாவதற்கே கசிவு பொருந்தும். பொசிவு வேண்டாம், வியர்வையும் வேண்டாம்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

உள்ளம் கசிவது வேறு, உலோகம் கசிவது வேறு. வியர்வையோ உயிருள்ள உடம்புக்கு உரியது. யந்திரத்துக்கு எப்படி ஆகும்?

முத்துப்பேட்டை, படகு மெக்கானிக்

பானை வேர்க்கிறதே ஐயா.

நாகப்பட்டினம், பயிற்றுநர்

சரி, நேரமாகிவிட்டது. நீங்கள் சொன்னவற்றிலிருந்து எடுத்து இப்படிப் போகிறேன்: ஈரமாகத் தெரிவது கசிவு, சொட்டுவது ஒழுக்கு, தண்ணீர் போவது நீர்ப்புகவு, எரியாமல் வடிவது எரியா வழிசல். முதலாவதன் கீழே ‘பட்டறையில் வேர்ப்பு என்பர்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். ஆயில் சீலை ஆயில் சீல் என்றே விட்டுவிட்டேன், கடையில் கேட்டு வாங்க வேண்டுமே.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பொசிவை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆயில் சீலுக்கு ‘நெய்யடை’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் பார்க்கவும்.