ஸ்பான்சர் படிவம் நம் மேசைக்கு வரும்போது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ரெடிங்கிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

இங்கிலாந்துக்கு வந்து வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், நாம் பரீட்சைக்குக் கொண்டுபோவோமே, அதைப் போன்ற ஓர் அட்டையில் கிளிப் மாட்டிய தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது. அடுத்த வரிசையில் அமர்ந்திருந்த பெண்மணி புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அரை மாரத்தான் ஓடப்போவதாகவும், விருப்பமிருந்தால் ஸ்பான்சர் செய்யலாம், அதாவது அந்த ஓட்டத்தை முன்னிட்டு ஆராய்ச்சிக்கு நன்கொடை கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்தார். பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, தொகை, பணம் கொடுத்த தேதி, நன்கொடைக்கான அரசின் வரிச் சலுகையான கிஃப்ட் எய்டுக்கு ஒரு சிறிய கட்டம் என்று அதில் பத்திகள் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் வரியில் எங்கள் மேலாளர் 20 பவுண்டு எழுதியிருந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் நோட்டுக்கு முன்னால் நின்று பழகியவன் நான். முன்னால் நிற்பவர் 501 எழுதினால் 101 எழுதக் கை கூசும். அந்தக் கூச்சத்தில், முதல் சம்பளம்கூட வராத நிலையில், நானும் 20 என்று எழுதிவிட்டேன். மாலையில் அட்டை என்னைக் கடந்து போனபோது பார்த்தால், எனக்குக் கீழே இருந்த எல்லோரும் ஐந்து பவுண்டுதான் எழுதியிருந்தார்கள். மேலாளர் 20 எழுதியது அவர் மேலாளர் என்பதற்காக. அது எனக்கான அளவுகோல் அன்று.

போதாக்குறைக்கு, முகவரிப் பத்தியில் அலுவலக முகவரியை எழுதியிருந்தேன். வீட்டு முகவரி இருந்தால்தான் தொண்டு நிறுவனம் கிஃப்ட் எய்டு கோர முடியும் என்று அந்தப் பெண்மணி படிவத்தோடு திரும்பி வந்து விளக்கினார். வரி செலுத்துபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்திடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம் என்பதால், என் 20 பவுண்டு அவர்களிடம் 25 பவுண்டாகச் சேரும். 'என் 20 பவுண்டு போனது போனதுதான், அதற்கு இப்படியாவது ஒரு மதிப்பு வரட்டும்' என்று வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

செய்முறை என்றால் நமக்குக் கணக்கு தெரியும்: அவர் நமக்குச் செய்ததை நாம் அவருக்குச் செய்கிறோம். இங்கே அந்தக் கணக்கு இருக்கிறதா, எவ்வளவு கொடுப்பது முறை, மறுப்பதென்றால் எப்படி மறுப்பது என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை முழுமையாகப் பிடிபடவில்லை. உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள்.

ஹாரோவிலிருந்து:

அலுவலகத்தில் வரும் படிவத்தை விட, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளின் பையில் வரும் படிவந்தான் எங்கள் வீட்டில் அதிகம். ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பதற்கு, புத்தகம் வாசிப்பதற்கு, நீந்துவதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஸ்பான்சர் உண்டு. முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டிக் கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடமே எழுதி அனுப்புவதால், மாமா, சித்தப்பா, பெரியம்மா என்று சொந்தத்துக்குள்ளேயே படிவம் சுற்றும்.

என் மூத்த மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்படியொரு நீச்சல் படிவம் வந்தது. மொத்தத் தொகை எழுதவும் இடமிருந்தது. குளத்தின் ஒரு நீளத்துக்கு இவ்வளவு என்று எழுதவும் இடமிருந்தது. என் கணவரின் தம்பி, பிள்ளை பத்து நீளம் நீந்தினாலே பெரிய காரியம் என்று நினைத்து, நீளத்துக்கு ஒரு பவுண் என்று தாராளமாக எழுதினார். அவள் நாற்பத்து நான்கு நீளம் நீந்திவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் எண்ணிக்கையை உறுதிசெய்து முத்திரை குத்திய படிவத்தை அவள் பெருமையோடு நீட்டியபோது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முழுத் தொகையையும் அன்றே கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எவரும் 'அதிகபட்சம் 15 பவுண்' என்று பக்கத்தில் எழுதாமல் கையெழுத்து வைப்பதில்லை.

அந்த வருடமே பிள்ளைகளுக்கு நான் சில ஒழுங்குகளை வைத்தேன். படிவத்தைப் பெற்றோர் கொண்டுபோய் நீட்டுவதில்லை. பிள்ளை தானே கேட்க வேண்டும், எதற்காக என்று தன் வாயால் சொல்லத் தெரிய வேண்டும், ஒரே ஒரு தரம்தான் கேட்க வேண்டும். பணம் கொடுத்தவருக்கு நிகழ்ச்சி முடிந்த கிழமையே நன்றி சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவுக்கு அவள் வரைந்து கொடுத்த நீச்சல் குள அட்டை இன்றும் அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

லெஸ்டரிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:

ரெடிங் தம்பியின் மேலாளர் எழுதியது 20 பவுண்டு. கேட்டவர் சக ஊழியர். கேட்பவரே மேலாளராக இருந்தால் என்ன செய்வது? நான் ஒரு மருத்துவமனையில் வார்டு பொறுப்பில் இருந்தபோது மூத்த மருத்துவர் ஒருவர், தாம் மிதிவண்டியில் நெடுந்தூரம் போகப்போவதாகச் சொல்லிப் படிவத்தைக் கையில் ஏந்தி வார்டு சுற்றின்போதே ஒவ்வொருவராகக் கேட்டார். நல்ல மனிதர், நல்ல காரியம். ஆனால், அவரிடம் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்களின் மதிப்பீட்டில் கையெழுத்திடுபவரும் அவரே. அவர்கள் மறுப்பார்களா? ஒரு பெண் பத்து பவுண்டு எழுதிவிட்டு, மதியம் காண்டீனுக்கு வராமல் கொண்டுவந்த ரொட்டியைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் அந்த மருத்துவரிடம், "படிவத்தை என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கி, தேநீர் அறையில் கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு உறையோடு வைத்துவிட்டேன். பெயர் எழுதத் தேவையில்லை. விரும்புபவர் விரும்பியதைப் போடலாம். இதில் ஒரு நட்டம் உண்டு. பலர் போட்ட பணத்தைச் சேர்த்து ஒருவர் பெயரில் கிஃப்ட் எய்டு கோர விதியில் இடமில்லை. ஆகவே உறையில் சேர்ந்த தொகைக்கு அந்தக் கால் பங்கு கிடைக்காமல் போயிற்று. போனால் போகட்டும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று. என்னைப் போல ஓய்வூதியத்தில் இருப்பவர்கள், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் டிக் செய்யாதீர்கள். தொண்டு நிறுவனம் கோரிய தொகைக்கு ஈடாக நாம் அந்த ஆண்டில் வரி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் குறையும் தொகையைக் கட்டவேண்டிய பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

கிராய்டனிலிருந்து:

எல்லோரும் படிவம் வாங்கியவர் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள், நான் நீட்டியவன். லண்டன் மாரத்தான் ஓட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1981இல் தொடங்கிய அந்த ஓட்டத்துக்கு இப்போது குலுக்கலில் இடம் கிடைப்பது லாட்டரி அடிப்பது போலத்தான். 2026ஆம் ஆண்டு ஓட்டத்துக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். எனக்குக் குலுக்கலில் கிடைக்காததால், முதியோர் வலி நிவாரண இல்லம் ஒன்றின் ஒதுக்கீட்டில் இடம் வாங்கினேன். தொண்டு நிறுவனங்கள் அந்த இடங்களைப் பணம் கொடுத்துப் பெறுகின்றன. ஆகவே நம்மிடம் குறைந்தபட்சத் தொகை ஒன்றைத் திரட்டித் தருவதாக உறுதிமொழி வாங்குகின்றன. எனக்கு 2,000 பவுண்டு. 42 கிலோமீட்டர் ஓடுவதை விட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மொத்தம் 94 பேருக்குச் செய்தி அனுப்பினேன். முதல் தவறு, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது. குழுவில் கேட்டால் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊரில் வேலை இழந்திருந்த ஒரு மைத்துனர் சத்தமில்லாமல் குழுவிலிருந்து விலகினார்; ஏன் என்று எனக்குப் புரிய இரண்டு நாளாயிற்று. அதன் பிறகு தனித்தனியாகவே எழுதினேன். ஒவ்வொரு செய்தியிலும், பதில் எழுதாவிட்டாலும் நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன், திரும்பவும் கேட்க மாட்டேன் என்று சேர்த்தேன். இன்னொருமுறை நினைவூட்டினால் பணம் கூடுதலாக வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன்.

நன்கொடை திரட்ட ஜஸ்ட்கிவிங் என்ற இணையதளத்தில் நான் திறந்த பக்கத்திலும் மொய் நோட்டின் குணம் இருக்கிறது. லண்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களின் நன்கொடைப் பக்கங்களை பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, பக்கத்தில் ஏற்கெனவே தெரியும் தொகைகளின் சராசரி 10 பவுண்டு கூடினால், அடுத்து வருபவர் சராசரியாக இரண்டரை பவுண்டு கூட்டிக் கொடுக்கிறார் என்று கண்டார்கள். அதைப் படித்துவிட்டு, முதலில் 50 பவுண்டு போடும்படி அக்காவிடம் நான் கேட்டது உண்மை. அக்கா போட்டாள். ஆனால் தொகையை மறைத்துப் போட்டாள். "எனக்கு இருக்கிறது, போடுகிறேன், அதைப் பார்த்து மற்றவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று கேட்டாள். பெயரையும் தொகையையும் பக்கத்தில் மறைத்தாலும் கிஃப்ட் எய்டு கோரலாம் என்பது லெஸ்டர் அக்காவுக்கு உதவலாம்.

பணம் செலுத்தும்போது ஜஸ்ட்கிவிங் தனக்கென்று ஒரு விருப்பத் தொகையைச் சேர்த்துக் காட்டும். அது கட்டாயமில்லை, பூஜ்யமாக்கலாம் என்பதை என் மாமியார் கவனிக்காமல் கட்டிவிட்டார். அதன் பிறகு அதையும் செய்தியிலேயே எழுதினேன்.

பிப்ரவரியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். ஓட முடியாது என்று மருத்துவர் சொன்னபோது என் கைவசம் 1,460 பவுண்டு சேர்ந்திருந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் நிலைமையைச் சொல்லி, அடுத்த ஆண்டுக்கு மாற்றியிருப்பதாகவும், பணத்தைத் திரும்பப் பெற விரும்பினால் தொண்டு நிறுவனத்திடம் நானே பேசுவதாகவும் எழுதினேன். ஒருவரும் கேட்கவில்லை. அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் மட்டும், "நான் கொடுத்தது உன் காலுக்கு இல்லை தம்பி, அந்த நோயாளிகளுக்கு" என்று எழுதினார்.

பர்மிங்ஹாமிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் கிளிமஞ்சாரோ ஏறுவதற்கு ஸ்பான்சர் கேட்டான். 5,895 மீட்டர் மலை. விமானக் கட்டணமும் வழிகாட்டியும் சேர்த்துச் செலவு சில ஆயிரம் பவுண்டு. "பயணச் செலவு உன்னுடையதா, எங்கள் நன்கொடையிலிருந்தா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிற்று. இப்படிப்பட்ட பயணங்களில், செலவை நாமே ஏற்பது ஒரு வகை. குறைந்தபட்சத் தொகையைத் திரட்டினால் அதிலிருந்து தொண்டு நிறுவனம் செலவைக் கொடுப்பது இன்னொரு வகை. அவனுடையது இரண்டாவது. இரண்டாவது வகையில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் கொடுக்கும் பணத்துக்குக் கிஃப்ட் எய்டு பொதுவாகக் கிடைக்காது. பயணத்தின் பலன் குடும்பத்துக்கே திரும்புகிறது என்று வருமான வரித்துறை பார்க்கிறது. அவன் தாயார் அது தெரியாமல் டிக் செய்திருந்தார்.

நான் தொண்டு நிறுவனத்துக்கு நேரடியாக 30 பவுண்டு அனுப்பினேன். அவனுக்கு ஒரு நல்ல கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தேன். கேட்டது தவறு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் முன்னால் கேட்டதுதான் தவறு.

டொராண்டோவிலிருந்து:

எங்கள் ஊரில் செப்டம்பரில் டெரி ஃபாக்ஸ் ஓட்டம் வரும்போது பிள்ளைகள் ஸ்டிக்கரோடும் உண்டியலோடும் வருவார்கள். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர் ஓடியவர். ஒவ்வொரு கனேடியரிடமும் ஒரு டாலர் என்பதே அவருடைய கனவு. அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் நுழைவுக் கட்டணமும் குறைந்தபட்சத் தொகையும் இல்லை. இரண்டு டாலர் கொடுத்தவரை எவரும் ஏற இறங்கப் பார்த்து நான் கண்டதில்லை.

ரெடிங்கிலிருந்து, மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்களுக்கு முன்னால் மீண்டும் ஓர் அட்டை வந்தது. இப்போது அந்தக் குழுவுக்கு நான்தான் மேலாளர், ஆகவே முதலில் என்னிடம் கொண்டுவந்தார்கள். கிராய்டன் நண்பரின் அக்காவை நினைத்துக்கொண்டு முதல் வரியில் ஐந்து பவுண்டு எழுதி, வீட்டு முகவரியையும் மறக்காமல் எழுதினேன். மீதி கொடுக்க நினைத்ததை இரவு வீட்டிலிருந்து தொகையை மறைத்து இணையத்தில் செலுத்தினேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன ஒரு பையன் எங்கள் குழுவில் இருக்கிறான். மாலையில் அட்டை திரும்பியபோது பார்த்தேன். நான்காவது வரியில் மூன்று பவுண்டு என்று எழுதியிருந்தான். முகவரிப் பத்தியில் அலுவலக முகவரி இருந்தது.