முளைகட்டிய பாசிப்பயற்றில் பாஸ்போடைஎஸ்டரேஸ்: தளப்பொருள் இல்லாத குழாயும் பச்சையாகிறது, தியோஃபிலினும் தடுக்கவில்லை

முளைப்பாரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் திட்டப்பணிக்காக, முளைகட்டிய பாசிப்பயற்றிலிருந்து செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைப் பிரித்தெடுத்து அதன் செயல்பாட்டை அளவிட முயன்று வருகிறேன். எலியின் மூளைத் திசுவுக்காக எங்கள் துறையில் வைத்திருக்கும் செய்முறையையே பின்பற்றுகிறேன். அதாவது, பி.எச். 7.5 உள்ள டிரிஸ் கரைசலில் நொதிச்சாற்றுடன் 3′,5′-சைக்ளிக் ஏ.எம்.பி.-யைச் சேர்த்து, பாம்பு நஞ்சிலிருந்து எடுத்த 5′-நியூக்ளியோடைடேஸைக் கொண்டு விளைபொருளிலிருந்து பாஸ்பேட்டை விடுவித்து, பாஸ்பேட் இருந்தால் மஞ்சளிலிருந்து பச்சையாகும் மாலகைட் கிரீன் முறையில் அதை அளக்கிறேன்.

எனக்கு மூன்று சிக்கல்கள் உள்ளன. தளப்பொருளே (நொதி சிதைக்க வேண்டிய பொருள், இங்கு சைக்ளிக் ஏ.எம்.பி.) சேர்க்காத குழாயும் அடர்பச்சையாகி விடுகிறது. அந்தப் பின்னணியைக் கழித்துப் பார்த்தால் பி.எச். 7.5-இல் செயல்பாடு ஏறத்தாழ எதுவுமில்லை, ஆனால் பி.எச். 5.5-இல், நஞ்சு நொதியைச் சேர்க்காமலேயே, சைக்ளிக் ஏ.எம்.பி. உள்ள குழாயில் பாஸ்பேட் கூடுகிறது. விலங்குகளின் பாஸ்போடைஎஸ்டரேஸைத் தடுக்கும் தியோஃபிலினும் அந்தக் கூடுதலைத் தடுக்கவில்லை. தியோஃபிலின் தடுக்காவிட்டால் அது பாஸ்போடைஎஸ்டரேஸே அல்ல என்று கூறி, தலைப்பை மாற்றிக்கொள்ளும்படி வழிகாட்டி சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

சோதனைக்குழாய் (பதில்):

முதல் சிக்கலுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பயறு விதைகள் பாஸ்பரஸைப் பெரும்பாலும் ஃபைட்டிக் அமிலமாகச் சேமித்து வைத்திருக்கின்றன. முளைக்கும்போது ஃபைட்டேஸ் அதைச் சிதைத்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது. ஆகவே தங்கள் சாற்றில் ஏற்கெனவே விடுபட்ட பாஸ்பேட்டும், வினை நடக்கும்போதே புதிதாக விடுபடும் பாஸ்பேட்டும் சேர்ந்தே இருக்கின்றன. கொதிக்க வைத்த சாறு, கொதிக்க வைக்காத சாறு இரண்டையும் தளப்பொருள் இன்றி வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பாருங்கள். கொதித்த சாறும் பச்சையானால் அது பழைய பாஸ்பேட். கொதிக்காத சாற்றில் மட்டும் நேரத்தோடு நிறம் ஏறினால் அது பாஸ்பட்டேஸ்களின் வேலை.

பழைய பாஸ்பேட்டை நீக்க, புரதங்களிலிருந்து சிறு மூலக்கூறுகளைப் பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜி-25 நிரலில் சாற்றை ஓட்டினாலே போதும். அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படிவாக்கினால் அதற்குப் பிறகும் ஒருமுறை ஓட்டுங்கள். அரைப்பதற்கு முன் தோலை நீக்கிவிட்டு, அரைக்கும்போது ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. தூளைச் சேர்த்தால், சாற்றைப் பழுப்பாக்கும் ஃபீனால்களின் தொல்லையும் குறையும். கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் சோப்புத்தூளில் பாஸ்பேட் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலகைட் கிரீனுக்கு அதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது.

வேர்த்தூவி (பதில்):

மற்ற இரண்டு சிக்கல்களும் உண்மையில் ஒன்றே. தாங்கள் பின்பற்றும் செய்முறை, விளைபொருள் 5′-ஏ.எம்.பி.-தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட செய்முறை. விலங்குத் திசுவில் அது சரி. தாவரத்தில் அப்படி நம்பிவிட முடியாது. 1972-இல் லின், வார்னர் இருவரும் பட்டாணி நாற்றுகளில் கண்ட நொதி அமிலப் பக்கத்து பி.எச்.-இல் நன்றாக வேலை செய்தது, 5′-ஏ.எம்.பி.-யை விட 3′-ஏ.எம்.பி.-யையே (பாஸ்பேட் சர்க்கரையின் 3′ இடத்தில் உள்ள வடிவம்) மிகுதியாகத் தந்தது. 2′,3′-சைக்ளிக் நியூக்ளியோடைடுகளையும் சிதைத்தது. தியோஃபிலின் வகைச் சேர்மங்களுக்கு அசையவில்லை. தங்கள் முடிவுகளும் அதே சாயலில்தான் இருக்கின்றன.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நஞ்சு நொதிக்கு ஒரு குழாயில் 5′-ஏ.எம்.பி.-யையும் மற்றொன்றில் 3′-ஏ.எம்.பி.-யையும் கொடுத்து மாலகைட் கிரீனை ஊற்றினால், முதல் குழாய் பச்சையாகும். இரண்டாவது மஞ்சளாகவே நிற்கும், ஏனெனில் நஞ்சு நொதி 5′ வடிவத்திலிருந்து மட்டுமே பாஸ்பேட்டை விடுவிக்கும். பி.எச். 7.5-இல் தங்களுக்குக் கிடைத்த வெறுமைக்கு, நொதி அங்கே மந்தமாக இருப்பதோடு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பி.எச். 5.5-இல் நஞ்சு இல்லாமலே பாஸ்பேட் விடுபடுவதற்குக் காரணம் தங்கள் பயற்றிலேயே இருக்கிறது. மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்கள் விலை கொடுத்து வாங்கும் பாசிப்பயறு நியூக்ளியேஸ், ஒற்றை இழை டி.என்.ஏ.-வை வெட்டுவதோடு 3′-ஏ.எம்.பி.-யிலிருந்து பாஸ்பேட்டையும் கழற்றும். அதற்கு அமிலச் சூழலும் துத்தநாகமும் வேண்டும். எனவே சைக்ளிக் வளையத்தைத் திறப்பது ஒரு நொதி, அதன்பின் பாஸ்பேட்டை விடுவிப்பது இன்னொரு நொதி என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். பொதுவான அமில பாஸ்பட்டேஸ்களும் அதில் பங்கு கொண்டிருக்கும்.

அளவீட்டை இரண்டு கட்டங்களாகப் பிரியுங்கள். பி.எச். 5.5-இல் முதல் வினையை நடத்தி, கொதிநீரில் வைத்து நிறுத்துங்கள். பிறகு டிரிஸ் சேர்த்து பி.எச்.-ஐ உயர்த்தி, நஞ்சு நொதிக்குப் பதிலாக ஆல்கலைன் பாஸ்பட்டேஸைச் சேர்த்தால் 3′, 5′ இரண்டையும் அது விடுவிக்கும். டைஎஸ்டரான சைக்ளிக் ஏ.எம்.பி.-யைத் தொடாது. சுத்திகரிக்காத நஞ்சை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம், ஏனெனில் அதிலேயே பாஸ்போடைஎஸ்டரேஸ் உண்டு.

பாஸ்பேட்டை அளக்கும் எந்த முறையும், ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை உட்பட, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஆதலால் எதற்கும் முன்பு விளைபொருளை நேரில் பார்ப்பது நல்லது. எச்.பி.எல்.சி. இல்லையென்றாலும், ஒளிரும் செல்லுலோஸ் தகட்டில் நிறைவுற்ற அம்மோனியம் சல்பேட், 1 மோலார் சோடியம் அசிட்டேட், ஐசோபுரோபனால் ஆகியவற்றை 80:18:2 விகிதத்தில் கலந்து ஓட்டினால் 3′-உம் 5′-உம் பிரிந்து நிற்கும். 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் அவை கருந்திட்டுகளாகத் தெரியும்.

முளைப்பாரி:

மிக்க நன்றி. நிரலில் ஓட்டிய பிறகு தளப்பொருள் இல்லாத குழாய் வெளிர்மஞ்சளாகவே நின்றது. தகட்டில் 3′-ஏ.எம்.பி. இருக்க வேண்டிய இடத்திலும் அடினோசின் (பாஸ்பேட் கழன்றபின் மிஞ்சுவது) இடத்திலும் தெளிவான திட்டுகள் தெரிந்தன; 5′-ஏ.எம்.பி. இடத்தில் மங்கலான நிழல் மட்டுமே இருந்தது. துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில் அடினோசின் குறைந்து 3′-ஏ.எம்.பி. கூடியது. 2′,3′-சைக்ளிக் ஏ.எம்.பி.-யைக் கொடுத்தபோது அது இன்னும் வேகமாகச் சிதைந்தது. அப்படியானால் இது ஆர்.என்.ஏ. சிதைவில் துப்புரவு செய்யும் நொதிதானே? சமிக்ஞைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிவிடலாமா?

வேர்த்தூவி:

அப்படி எழுதுவது அவசரமாகும். ரைபோநியூக்ளியேஸ்கள் ஆர்.என்.ஏ.-வை வெட்டும்போது 2′,3′-சைக்ளிக் நியூக்ளியோடைடுகள் இடைப்பொருளாக உண்டாவது உண்மைதான். ஆயினும் தாவரங்களின் நோயெதிர்ப்பில் பங்கு பெறும் டி.ஐ.ஆர். புரதப் பகுதிகள் 2′,3′-சைக்ளிக் ஏ.எம்.பி.-யை உருவாக்குகின்றன என்று 2022-இல் காட்டப்பட்ட பிறகு, அந்த மூலக்கூறைக் குப்பை என்று ஒதுக்கிவிட இயலாது. மறுபக்கம், 3′,5′ வடிவத்துக்கெனவே அமைந்த பாஸ்போடைஎஸ்டரேஸ் தாவரத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது. மார்க்காண்சியா என்னும் ஈரல்செடியில், அடினைலில் சைக்ளேஸும் பாஸ்போடைஎஸ்டரேஸும் ஒரே புரதத்தில் இணைந்திருப்பது 2016-இல் கண்டறியப்பட்டது.

ஆய்வுப் பொருளை மாற்றத் தேவையில்லை, ஆனால் நொதியின் பெயரைத் தலைப்பில் வைக்காமல், "பாசிப்பயறு நாற்றில் 3′,5′-சைக்ளிக் ஏ.எம்.பி.-யைச் சிதைக்கும் செயல்பாடு" என்று வையுங்கள். அடுத்து, புரதங்களை மின்னூட்டத்தைக் கொண்டு பிரிக்கும் டி.இ.ஏ.இ.-செல்லுலோஸ் நிரலில் உப்பின் செறிவைப் படிப்படியாக உயர்த்திச் சாற்றைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் 3′,5′, 2′,3′, 3′-ஏ.எம்.பி. ஆகிய மூன்று தளப்பொருள்களையும் சோதியுங்கள். முதல் இரண்டும் ஒரே முகட்டில் ஏறி இறங்கினால் ஒரே நொதியாக இருக்க வாய்ப்புண்டு. 3′,5′-க்குத் தனி முகடு கிடைத்தால், அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு தியோஃபிலின் சோதனையை மீண்டும் செய்து வழிகாட்டியிடம் காட்டலாம்.