காசுக்காகத்தான் எல்லோரும் இணையத்தில் எழுதுகிறார்களா?

தனிவழி:
நேற்று இங்கே ஒருவர், "இணையத்தில் எழுதுகிறவன், வீடியோ போடுகிறவன் எல்லாம் காசுக்குத்தான் செய்கிறான், ஆர்வம் என்பதெல்லாம் வேஷம்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. யூடியூப் 2005இல் வந்தது. விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்க ஆரம்பித்தது 2007இல். நடுவில் வீடியோ ஏற்றியவர்களுக்கு யார் காசு கொடுத்தார்கள்? அங்கே ஏறிய முதல் வீடியோ வெறும் 19 வினாடி. யானைகளுக்கு முன்னால் நின்று ஓர் இளைஞர், தும்பிக்கை நீளமாக இருக்கிறது என்கிறார். அவ்வளவுதான். இதில் எங்கே ஐயா காசு?

கல்தூண்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். அந்த இளைஞர் யூடியூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம். கடை திறந்தவரே செய்த போணி அது. அடுத்த வருடமே கூகுள் 165 கோடி டாலருக்கு அந்தக் கடையை வாங்கியது. நல்ல உதாரணம் பிடித்தீர்கள்!

தனிவழி:
வாங்கியது 2006இல். வீடியோ ஏறியது 2005 ஏப்ரலில். விற்கப்போகிறோம் என்று யானைக்கு முன்னால் நின்றபோதே தெரியுமா?

கல்தூண்:
தொழில் தொடங்குகிறவனுக்கு லாபம் தெரியாதா? யானை வீடியோ காசுக்குத்தான்.

மழைக்குருவி:
யானையை விடுங்கள். விக்கிப்பீடியா 2001இலிருந்து இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு அது சம்பளம் தருவதில்லை, கட்டுரைக்கு மேலே பெயரும் வராது. நான் எழுதிய பத்தியை முகம் தெரியாத ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தியிருப்பார். அதற்கு என்ன சொல்வீர்கள்?

கல்தூண்:
அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள 'வரலாறு' பக்கத்தைத் திறந்தால் யார் எதைத் திருத்தினார் என்று வரிசையாக இருக்கிறது. பெயரும் ஒரு கூலிதான். முதலில் யானை வீடியோவுக்குப் பதில் வரட்டும்.

தனிவழி:
நேற்று காசு என்றீர்கள், இன்று பெயர் என்கிறீர்கள். நாளைக்கு மனத்திருப்தியும் கூலி என்பீர்கள். அப்புறம் உலகத்தில் கூலி இல்லாத வேலையே இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். தையல் மெஷினில் நூல் அடிக்கடி அறுந்தால் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன வீடியோ போட்டேன். ஊசியின் தட்டைப் பக்கம் மாறி மாட்டியிருக்கிறதா என்று கையில் வைத்துக் காட்டினேன். என் முகம்கூட அதில் இல்லை. விளம்பரப் பணம் வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர், ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வை என்று 2018இல் விதி வைத்தார்கள். அதன் பக்கத்தில்கூட நான் போனதில்லை. "அம்மாவின் மெஷின் திரும்ப ஓடுகிறது" என்று ஒரு பெண் கீழே எழுதியிருந்தார். எனக்கு அது போதும். நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை இன்னொருவர் சுலபமாகக் கற்கட்டும் என்பதற்குத்தான் போட்டேன். இதை வேஷம் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

கல்தூண்:
4000 மணி நேரம் என்று விதியைத் துல்லியமாகச் சொல்கிறீர்கள். ஆசை இல்லாதவருக்கு அது எப்படித் தெரியும்?

தனிவழி:
விதியைத் தெரிந்துவைத்திருந்தால் பேராசையா? நீங்களும்தான் 165 கோடி என்று சரியாகச் சொன்னீர்கள்!

பழையவாசகன்:
ஆர்வம் ஆர்வம் என்று பேசும் மழைக்குருவி அவர்களே, நான் எடுத்த மின்னல் படத்தை போன மாதம் உங்கள் பதிவில் என் பெயரில்லாமல் போட்டீர்களே, அது எந்த ஆர்வம்?

மழைக்குருவி:
படம் எனக்கு வேறொரு குழுவில் வந்தது. யாருடையது என்று அங்கே எழுதவில்லை. இதை எத்தனை தடவை சொல்வது?

கல்தூண்:
பார்த்தீர்களா, பெயர் இல்லை என்றதும் கோபம் வருகிறது!

பழையவாசகன்:
கல்தூண், நடுவில் வராதீர்கள். விடிய விடிய நின்று எடுத்த படம் அது. உங்கள் கட்சிக்கு என்னைச் சாட்சியாக்க வேண்டாம்.

தனிவழி:
பழையவாசகன் சொல்வது நியாயம். எடுத்தவர் யாரென்று தெரியாவிட்டால் போடாமல் இருந்திருக்கலாம். கல்தூண், அவர் பெயரைத்தான் கேட்டார், காசு கேட்கவில்லை.

மழைக்குருவி:
அப்படியானால் நான் திருடியா? தனிவழி, உங்களுக்காகப் பேச வந்தேன் பாருங்கள். இனி நீங்களும் அவருமே பேசிக்கொள்ளுங்கள்.

கல்தூண்:
யானை வீடியோவுக்கு இன்னும் பதில் வரவில்லை.