மாத்திரை நினைவூட்டும் செயலியைப் பார்த்து அக்கா பயந்துவிட்டாள், எதை மாற்றலாம்?

காட்பாடி தம்பி:
ஆண்ட்ராய்டு செயலி எழுதுவது என் தொழில். அக்கா 6 வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள். நேரத்துக்கு நினைவூட்ட நானே ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். ஒரு வேளை தவறினால் சிவப்புக் கட்டம் வரும், "இன்று நீங்கள் மாத்திரை போடவில்லை" என்று காட்டும், எனக்கும் ஒரு செய்தி வரும். நாலே நாளில் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். "யாரோ என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க" என்று அழுதாள். அவளுடைய நோயே அந்தப் பயம்தான். தெரிந்திருந்தும் இப்படிச் செய்துவிட்டேன்.

பாகாயம் பக்கம்:
தம்பி, எனக்கு இருமுனை நோய், 11 வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். முதலில் பூட்டுத் திரையைக் கவனியுங்கள். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் இருந்தபோது, மேஜையில் கிடந்த என் போனில் "மனநல மாத்திரை நேரம்" என்று பெரிதாக வந்தது. சூப்பர்வைசர் படித்துவிட்டார். அன்றிலிருந்து மெஷின் பக்கமே என்னை விடவில்லை. அறிவிப்பில் உள்ளதை மறைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 5 முதலே இருக்கிறது, நான் அப்போது வைத்திருந்த செயலியை எழுதியவர் அதைத் தொடவே இல்லை.

அப்புறம் கை நடுக்கம். லித்தியத்தில் அது உண்டு. சின்ன பட்டனை நான் மூன்று தடவை தப்பாக அழுத்துவேன். பட்டனைப் பெரிதாக வையுங்கள், அழுத்தியதைத் திருத்த வழி விடுங்கள். தவறிய வேளைக்குச் சிவப்பு வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்துப் பதறி இரண்டு வேளையைச் சேர்த்துப் போட்டால் லித்தியம் விஷமாகிவிடும். நம்ம ஊர் வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மே மாதத்தில் "தண்ணி குடிச்சீங்களா" என்று ஒரு செயலி கேட்டால் எனக்கு அதுதான் பெரிய உதவி.

குடியாத்தம் அம்மா:
தம்பி, என் மகனுக்கும் உங்கள் அக்காவுக்கு இருக்கும் நோய்தான். உங்களுக்குச் செய்தி போவது அக்காவுக்கு முன்பே தெரியுமா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், தன் சார்பில் பேச வேண்டிய ஆளை நோயாளியே நியமிக்கலாம் என்று இருக்கிறது. செய்தி யாருக்குப் போகணும், போகணுமா என்பதையும் அவளே சொல்லட்டும் கண்ணு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ ஓரமாக வையுங்கள், ஆனால் அதுவாக டயல் ஆகக் கூடாது.

காட்பாடி தம்பி:
அம்மா, அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, என் தப்புதான். நேற்று அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்கு வரும் செய்தியையும் சிவப்பையும் எடுத்தாச்சு. அறிவிப்பில் என்ன வரட்டும் என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்து, "கனகாம்பரத்துக்குத் தண்ணி" என்றாள். மாடியில் அவள் வளர்க்கும் செடி. இன்று ராத்திரி 8 மணிக்கு அது வந்தது. எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டு, செடிக்கும் ஊற்றிவிட்டு வந்தாள்.

அண்ணா, பெரிய பட்டனை நாளை செய்கிறேன். உங்கள் போனுக்கும் அனுப்பட்டுமா?